முப்பத்தைந்து வயது வரை

தலாஸ் ஊரில் ஆற்றை ஒட்டிப் போகும் தெருவில் பதினான்கு பயறு ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. பதின்மூன்றுக்கு இயக்குநர்கள் ஆண்கள். அவர்களுக்குத் தொப்பையும் கருப்புக் காரும் உண்டு. பதினான்காவது ஆலையை நடத்துபவள் துர்சுனாய். அவளுக்கு இரண்டும் கிடையாது. நாற்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, குளிர்காலம் முழுக்க ஒரே பழுப்புக் கோட்டு. அவள் அறைக் கதவில் 'இயக்குநர் (பொறுப்பு)' என்று எழுதியிருந்தது. பழைய இயக்குநர் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனபோது, "ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்குங்க அக்கா" என்று சொல்லித்தான் முதலாளி மாரத் சாவியைக் கொடுத்தான். மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆளும் கிடைக்கவில்லை, அந்த அடைப்புக்குறியும் அழியவில்லை.

பத்தொன்பது வயதில் மேல்மலைக் கிராமத்திலிருந்து மருமகளாக வந்தவள் அவள். இருபத்து நான்கில் இதே ஆலையில் பொறுக்கும் மேசையில் உட்கார்ந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு ராஜ்மா பயறுதான். விளைவிப்போம், விற்போம், தின்பது மட்டும் அபூர்வம். செப்டம்பரில் அறுவடை முடிந்தால் குளிர்காலம் முழுக்க உடைந்தது, ஓட்டை விழுந்தது, கறுத்தது என்று பொறுக்கித் தள்ளும் வேலை. அந்த நாளில் மேசைக்காரிகளுக்குப் பேர் கிடையாது, எண்தான். "ஏய் பதினேழு!" என்று மேற்பார்வையாளர் கத்தினால் துர்சுனாய் நிமிர வேண்டும். மூன்று வருஷம் பதினேழாகவே இருந்தாள். பிறகு மேற்பார்வை, பிறகு கிடங்கு, நடுவில் மடியில் குழந்தையோடு அஞ்சல் வழிப் படிப்பு. இயக்குநர் அறையில் உட்கார்ந்த முதல் நாள் அவள் செய்த முதல் காரியம், எண் பொறித்த தகர வில்லைகளை எல்லாம் ஒரு வாளியில் அள்ளிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டதுதான். "இனிமே பேரு. தட்டுலயும் பேரு, மூட்டைலயும் பேரு" என்றாள். இந்த ஒரு காரியத்துக்காகவே அவள்மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த நவம்பரில் துருக்கி வியாபாரி ஒருவர் பெரிய சரக்குக் கேட்டார். கேமரா வைத்த எந்திரம் பிரித்தால் போதாது, கடைசியில் பெண்களின் கை பட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்கு முப்பது இருக்கைகள் நிரம்ப வேண்டும். ஆலையில் இருந்ததோ ஏழு பேர். மாரத் பிஷ்கெக்கிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, இருபதாம் தேதி நானே வருவேன். முப்பது இருக்கையும் நிறைஞ்சிருக்கணும். இல்லன்னா சரக்கைப் பக்கத்து ஆலைக்குக் கொடுத்துருவேன். நீங்களும் பழையபடி கிடங்கைப் பாத்துக்குங்க. ஆளே வராத டைரக்டரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க."

"ஆளு வரும் தம்பி."

"அப்படித்தான் போன வாரமும் சொன்னீங்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கிடங்குக்குத் திரும்புவதில் கேவலம் இல்லை. ஆனால் தெருவே என்ன சொல்லும்? பொம்பளை உட்கார்ந்தாள், ஆள் வரவில்லை என்று சொல்லும். அப்புறம் இன்னும் இருபது வருஷத்துக்கு எவளையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள்.

அன்றே அவள் விளம்பரம் கொடுத்தாள். பழைய விளம்பரத்தை எடுத்து, சூடான மதியச் சாப்பாடு, குழந்தைகளுக்கு ஓர் அறை என்று நல்ல நல்ல வரிகளைச் சேர்த்தாள். தன் மேசையில் உட்கார்ந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். படத்தின் கீழே, 'இங்கே ஒரு பெண் மேசையில் தொடங்கி இயக்குநர் ஆகலாம்' என்று எழுதி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டாள். சாயங்காலத்துக்குள் நானூறு பேர் இதயம் போட்டார்கள். மூன்று நாள் கழித்து வாசலில் வந்து நின்றவர்கள் இரண்டு பேர்.

"நானூறு இதயம், ரெண்டு ஆளு" என்றார் ரகத். ஆலையின் மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது, எந்திரங்களைத் தவிர எல்லோரையும் கிண்டல் செய்பவர். "அந்த ரெண்டுல ஒண்ணு என் கொழுந்தியா. கழிப்பறை எங்கன்னு கேக்கத்தான் உள்ள வந்தாளாம்."

"சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. நான் கிடங்குக்குப் போனா உங்க தலையில எவன் வந்து உக்காரப் போறான்னு யோசிச்சீங்களா?"

ரகத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

வந்த இன்னொருத்திதான் மீரிம். இருபத்தைந்து வயது, நான்கு வயதில் ஒரு குழந்தை, தலையில் மணமானவளின் முக்காடு. துர்சுனாய் வழக்கமான சோதனையை வைத்தாள். ஒரு கிண்ணம் பயறு, அதில் எண்ணிப் போட்ட இருபது சொத்தை. அவள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கோப்பை பாதி காலியாகும்போதே மீரிம் கையை எடுத்துவிட்டாள்.

"இருபத்தொண்ணு இருக்கு அக்கா."

"இருபதுதான்மா போட்டேன்."

மீரிம் ஒரு பயறை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் மற்றவருக்கு அகப்படாது. துர்சுனாய் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "திங்கக்கிழமையே வந்துரு. மேசைத் தலைவியா போடுறேன்" என்றாள்.

திங்கட்கிழமை மீரிம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை துர்சுனாய் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே கிளம்பினாள்.

"இயக்குநர் போய் ஆளுங்ககிட்ட கெஞ்சுறதா?" என்றார் ரகத்.

"கெஞ்சப் போகலண்ணே. ஏன் வரலைன்னு கேக்கப் போறேன்."

மீரிமின் மாமியார் பாத்தினா வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பத்தேழு வயது, அகன்ற தோள், மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த ரப்பர் காலணி. விருந்தாளியை உள்ளே அழைத்துப்போய், கதவுக்கு எதிரே மரியாதைக்குரிய இடத்தில் மெத்தை போட்டு உட்காரவைத்தாள். ரொட்டி, பாலாடை, ஆப்ரிகாட் ஜாம் எல்லாம் வந்தது. கதவோரம் உட்கார்ந்து தேநீர் ஊற்றியவள் மீரிம். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

துர்சுனாய் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தபின் பாத்தினா தொடங்கினாள்.

"அப்ப சொல்லு தங்கச்சி. உன் ஆலை எப்படி?"

"சாப்பாடு சூடா கொடுக்கிறோம் அக்கா. குழந்தைகளுக்கு ரூம் இருக்கு…"

"அதான் போன்ல படிச்சேனே. அது இல்ல நான் கேக்குறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?"

துர்சுனாய் அந்தப் பக்கம் போயே நாளாகிவிட்டது. மூன்று வருஷமாக அவள் மாடியில் அலுவலகக் கழிப்பறையையே பயன்படுத்தி வந்தாள்.

"இல்ல" என்று பாத்தினாவே பதிலும் சொன்னாள். "போன வெள்ளிக்கிழமை என் மருமக பாத்துட்டு வந்தா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் பிடிச்சுக்கணுமாம். லாரிக்காரனுங்க எல்லாம் அந்த முற்றத்துலதான் நிக்கிறானுங்களாம். இந்தத் தெருவுல எந்த ஆலையில அடுப்பு எரியுது, எவன் கெட்ட வார்த்தை பேசுறான், எங்க கழிப்பறைக்குப் போக நடு முற்றத்தைத் தாண்டணும், எல்லாம் எங்களுக்குத் தெரியும். நாங்க போட்டோ பாத்து ஆளு அனுப்புறவங்க இல்ல."

துர்சுனாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. பதினேழாம் எண்ணாக இருந்தபோது அதே கதவை அவளும் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். மாடி ஏறியதும் மறந்துவிட்டது. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுதுதான் அக்கா. நாளைக்கே தாழ்ப்பாள் போட்டுடுறேன். அதுக்காகவா மீரிமை அனுப்பல?"

"அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு." பாத்தினா மடியிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, விளம்பரத்தின் கடைசி வரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். "'பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது வரை மட்டும்.' உனக்கு என்ன வயசு தங்கச்சி?"

"நாற்பத்தேழு."

"அப்ப உன் ஆலைக்கு நீயே வேலைக்கு வர முடியாது."

துர்சுனாய்க்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வரியை அவள் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. எங்கள் ஊரில் எல்லா ஆலைகளும் எல்லா விளம்பரத்திலும் அதைப் போடுகின்றன. எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. உப்புப் போடுகிற மாதிரி அது ஒரு கைப்பழக்கம்.

"பதினெட்டுலேருந்து முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இந்தத் தெருவுல யாரு இருக்கா?" என்றாள் பாத்தினா. குரல் ஏறிக்கொண்டே போனது. "எங்க மருமகளுங்க. இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. அவளைக் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உனக்கு அனுப்பிட்டா மாட்டை யாரு கறக்கிறது, குழந்தையை யாரு பாக்கிறது? நான்தான். ஆனா என்னை யாரு வேலைக்குக் கூப்பிட்டா? சோவியத் காலத்துல பதினெட்டு வயசுலயே புகையிலை பறிக்கிற அணியில முதல் ஆளு நான். முப்பது வருஷமா வீட்டு முற்றத்துல பயறு பொறுக்குறேன். என் கண்ணுக்கு என்ன குறை? கேட்டா, கெழவி, வீட்டுல கிடன்னு எழுதியிருக்கீங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. மீரிமின் கையிலிருந்த தேநீர்க் கூஜா அந்தரத்தில் நின்றது. ஆறு வருஷத்தில் மாமியார் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

வேலை தேடுகிற மருமகளைக் கூப்பிடத்தான் துர்சுனாய் வந்திருந்தாள். வேலை தேடுகிற இன்னொருத்தி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒரு இருக்கையை உங்க வீட்டுக்கே கொடுத்தா? காலையில நீங்க, மத்தியானத்துக்கு மேல மீரிம். ஒருத்தி ஆலையில இருக்கிறப்ப இன்னொருத்தி வீட்டுல. மாடும் பட்டினி கிடக்காது, குழந்தையும் அழாது. கூலி ரெண்டு பேருக்கும் தனித்தனியா, அவங்கவங்க கையில."

பாத்தினா மருமகள் பக்கம் திரும்பினாள். மீரிம் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, "கறவையை நான் காலையிலேயே முடிச்சிடுவேன் அம்மா" என்றாள், யாரோ விரட்டுகிற மாதிரி வேகமாக.

"பாரு, இவளுக்கு வாய் இருக்கு!" என்று பாத்தினா சிரித்துவிட்டாள். "தாழ்ப்பாள் முதல்ல போடு. போட்டதை நான் வந்து இழுத்துப் பாப்பேன்."

ரகத் மறுநாளே கழிப்பறைக் கதவுகள் இரண்டுக்கும் தாழ்ப்பாள் போட்டார். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பலகை மறைப்பும் அடித்தார். பாத்தினா வந்தாள், இழுத்துப் பார்த்தாள், தன் தெருவுக்குப் போய்ச் சொன்னாள். துர்சுனாய் விளம்பரத்தில் வயது வரியை அழித்துவிட்டு, 'ஒரு வீட்டுக்கு ஓர் இருக்கை' என்று எழுதினாள். அடுத்த மூன்று நாளில் மாமியார்களும் மருமகள்களும் ஜோடி ஜோடியாக வந்தார்கள். ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். ஒரே வீட்டின் இரண்டு ஓரகத்திகள் வாசல் வரை சண்டை போட்டுக்கொண்டே வந்து, உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தில் சோதனை நடந்தது. இருபத்தொன்று சொன்னவள் மீரிம் மட்டும்தான். அவளையே மேசைத் தலைவியாகப் போட்டாள் துர்சுனாய்.

இரண்டு நாள் பொறுக்க மட்டும் பழக்கிவிட்டு, இருபதாம் தேதி முறைப்படி வேலை தொடங்கியது. கணவாயில் பனி என்று மாரத் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான். மேசைகளைச் சுற்றி நடந்து எண்ணினான். முப்பது இருக்கை, முப்பதும் நிறைந்திருந்தது. ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

"எல்லாம் அம்மாக்கள். இது என்ன அக்கா, ஆலையா, கல்யாண வீடா?"

"தட்டைப் பாத்துட்டுப் பேசுங்க தம்பி."

"சரி. மத்தியானம் ஆளு மாறுறப்ப குழப்பம் வராதா? யாரு தட்டு, யாரு பொறுப்புன்னு தெரியணுமே. துருக்கிக்காரர் மூட்டைக்கு மூட்டை கேப்பார். அதை நான் பாத்துட்டுத்தான் போவேன்."

ஒரு மணிக்கு மணி அடித்தது, முதல் ஆள் மாற்றம். முறை இதுதான்: மேசைத் தலைவி பட்டியலைப் பார்த்து, இறங்குகிறவர்களைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். அவர்கள் தட்டை நீட்ட, அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஏறுகிறவளிடம் கொடுக்க வேண்டும். மீரிம் பட்டியலை எடுத்துக்கொண்டு நின்றாள். காலைக்காரிகள் ஒரு வரிசை, மத்தியானக்காரிகள் எதிர் வரிசை. "காலிமா அக்கா." "இருக்கேன்." "சலாமத் அக்கா." "இருக்கேன்." பதினோரு பேர் வரை குரல் ஓடையாகப் போனது. பன்னிரண்டாவது பேரில் மீரிம் நின்றுவிட்டாள்.

பட்டியலில் அடுத்து இருந்தது அவள் மாமியார் பேர். எங்கள் ஊரில் மாமியார் பேரை வாயால் சொன்ன மருமகள் கிடையாது. கணவனின் அப்பா, அம்மா, அண்ணன்மார் பேரெல்லாம் நாக்குக்கு ஆகாது. பாத்திரத்துக்கு அந்தப் பேர் இருந்தால் பாத்திரத்துக்கே வேறு பேர் வைப்பார்கள். இது துர்சுனாய்க்குத் தெரியாததா? அவளும் இருபத்தெட்டு வருஷமாகத் தன் மாமியார் பேரைச் சொன்னதில்லை. அதுதான் வேடிக்கை. மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போன வழக்கம், பட்டியல் போட்டபோது ஒருத்திக்கும் நினைவுக்கு வரவில்லை. இப்படி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரர்களால்தான் செய்ய முடியும்.

மீரிமின் காது சிவந்தது. உதடு திறந்தது, மூடியது. மாரத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு? படிக்கத் தெரியாதா அந்தப் பொண்ணுக்கு?"

ரகத் துர்சுனாயின் காதருகே குனிந்தார். "தங்கச்சி, எண்ணு போட்டுருவோம். பழைய மாதிரி. பன்னிரண்டுன்னு கூப்பிட்டாப் போதும், யாருக்கும் சங்கடம் இல்ல."

சுலபமான வழிதான். அல்லது அவளே உரக்கப் படித்துவிடலாம். வாயைத் திறந்தும்விட்டாள். ஆனால் இன்று அவள் படித்தால் நாளையும் அவள்தான் படிக்க வேண்டும். மீரிம் தலைவி இல்லை, தலைவி மாதிரி நிற்கிறவள் என்று ஆகிவிடும். அடைப்புக்குறிக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று துர்சுனாய்க்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டாள். நாற்காலி போனால் போகட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் அவள் நின்றாளே, அதற்குக் கருப்புக் கார்க்காரர்கள் பதின்மூன்று பேரும் ஈடாக மாட்டார்கள்.

"எண்ணு போட நான் என்ன ஆடா?"

ரகத் சொன்னது பாத்தினாவின் காதில் விழுந்திருந்தது. அவள் வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். இரண்டு கையிலும் தட்டு.

"மீரிம். என்னைப் பாரு. வீட்டுல நான் உனக்கு மாமியார். அங்க நீ சொல்லாத. இந்த கேட்டுக்குள்ள நீ தலைவி, நான் ஆளு. என் அப்பா வெச்ச பேரு அந்தத் தாள்ல இருக்கு. படி."

"அம்மா, என்னால…"

"படிடி."

மீரிம் தாளைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள்.

"பாத்தினா" என்றாள். கடைசி எழுத்து பாதி காற்றாகப் போனது.

"இருக்கேன்!" என்றாள் பாத்தினா. சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி அவ்வளவு சத்தமாக.

யாரோ விசும்பினார்கள், யாரோ சிரித்தார்கள். மீரிம் தட்டை வாங்கி விரலால் பரப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு பயறை எடுத்து வெளியே வைத்தாள். "இது ஓட்டை அம்மா."

"எங்க? காட்டு" என்று பாத்தினா கண்ணாடியை மாட்டினாள். பார்த்துவிட்டு, "ஆமா" என்று ஒத்துக்கொண்டாள். மீரிம் கையெழுத்துப் போட்டுப் பதின்மூன்றாவது பேரைப் படித்தாள். அதற்குப் பிறகு தட்டுகள் நிற்காமல் கை மாறின.

மாரத் கடைசித் தட்டு வரை பார்த்துவிட்டு வெளியே வந்தான். அவனுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள், மனைவி இருக்கிறாள். கிளம்பும்போது ரகத்தைக் கூப்பிட்டு, "அண்ணே, அக்கா கதவுல இருக்கிற அந்த 'பொறுப்பு'ங்கிறதைச் சுரண்டிடுங்க" என்றான்.

"மூணு வருஷமா ஸ்க்ரூ டிரைவரைப் பையிலேயே வெச்சிருக்கேன்" என்றார் ரகத்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பெண்கள் பாத்தினாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பொம்பளை நடத்துகிற ஆலையாமே, எப்படி இருக்கு, போகலாமா என்று கேட்டார்கள். தாழ்ப்பாளைப் பற்றியும் சூடான சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. அவள் வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"நாப்பது வருஷமா நான் இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு அம்மா, இன்னாரு மாமியார்" என்றாள். "அங்க என்னை என் பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க."

மறுநாள் விடியும்போது ஆலை வாசலில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு அறுபத்திரண்டு வயது. கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, துர்சுனாய் தனக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டாள்.